கரடிக்குச் சேர வேண்டிய முடி

ஏழு வயதில் எனக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம். பல்லி கத்தினால் பயம், குக்கர் விசில் அடித்தால் பயம். ராயப்பேட்டையில் நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தனத்தில் குளியலறைக்குப் போக ஓர் இருட்டு நடையைத் தாண்ட வேண்டும். அதற்கு அம்மா துணைக்கு வர வேண்டும், வெளியே நின்று பாடவும் வேண்டும். பாடி அலுத்துப்போன அம்மா, மயிலாப்பூர் குளத்தருகே கரடியோடு வந்த ஒருவரிடம் செப்புத் தாயத்து ஒன்று வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் கட்டிவிட்டாள். உள்ளே கரடி முடி. கட்டிய அன்றே நான் தனியாகக் குளியலறைக்குப் போய்விட்டு வந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது அடையாறில் ஒரு விலங்குக் காப்பகத்தில் வேலை பார்த்தார். தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கரடியை மீட்டு அங்கே கொண்டுவந்திருந்தார்கள். வந்த புதிதில் யாரைப் பார்த்தாலும் இரண்டு காலில் எழுந்து ஆடுமாம். மாமா கேழ்வரகுக் கஞ்சியும் பலாச்சுளையும் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, அந்தப் பழக்கத்தை மறக்கடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசமா எழுந்துக்கவே இல்லக்கா. இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்துச்சின்னா, காட்டோரமா பெரிய இடம் கீது, அங்க அனுப்பிடலாம்னு டாக்டர் சொல்லிக்கீறாரு" என்று அம்மாவிடம் சொன்னபோது, பெண்ணுக்கு வரன் குதிர்ந்தவர் போல இருந்தார். எனக்கோ ஆடாத கரடியால் என்ன பிரயோசனம் என்று தோன்றியது.

இருந்தாலும், அது போவதற்குள் பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவோடு போனேன். வாசலிலேயே என் ரிப்பனை அவிழ்த்து வாங்கிக்கொண்டார். தன் பெல்ட்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நழுவும் பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி நடந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஷ்ஷ். கயிறு மாதிரி ஒண்ணும் அது கண்ணுல படக் கூடாது, சத்தமும் கூடாது, இன்னா?"

கவுனுக்குள் கிடந்த தாயத்து அவர் கண்ணில் படவில்லை.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கரடி, மரக்கட்டையில் தடவியிருந்த தேனை நக்கிக்கொண்டிருந்தது. மூக்கில் கயிறு கோத்திருந்த இடத்தில் தழும்பு. முதுகில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு முடியே இல்லை. ஏன் என்று கிசுகிசுத்தேன்.

"தாயத்துக்குன்னு புடுங்கிப் புடுங்கி வித்துக்கினு இருந்தானுங்க, கஸ்மாலங்க" என்றார் மாமா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கழுத்தில் கிடப்பது இதன் முடிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொடுத்துவிட்டால் இருட்டு நடை மறுபடி பயமுறுத்தும். ஆனாலும் பாவம், அதன் முடியல்லவா? மாமா தண்ணீர் வாளியை எடுக்கப் போன நேரம் பார்த்து, தாயத்தைக் கழற்றி வலையின் இடுக்கில் விட்டு ஆட்டினேன்.

"இந்தா, உன் முடி."

கரடி தலையைத் தூக்கிக் கறுப்புக் கயிற்றைப் பார்த்தது. தேனை விட்டுவிட்டு எழுந்து நின்றது. முன்னங்கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட ஆரம்பித்தது.

நன்றி சொல்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. கயிற்றை வலையிலேயே தொங்கவிட்டுக் கைதட்டினேன். தட்டத் தட்ட அது நிற்காமல் ஆடியது. வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்த மாமா, கயிற்றைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு, என் இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, "போதும்மா, எறங்கு, யாரும் அடிக்க மாட்டாங்க" என்று கரடியிடம் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் கரடியை அனுப்பவில்லை. மாமா மறுபடி கஞ்சியும் பலாச்சுளையுமாக முதலிலிருந்து தொடங்கினார். நானோ பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கரடிக்கு என்னை விட்டுப் போக மனசே வரவில்லை என்று.