தண்ணீரில் விடக்கூடாத கடற்பறவை

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் கலைமணிக்கு எத்தனை பார்த்தாலும் பறவை சலிக்காது. ஷெட்டில் நாற்பதாயிரம் கோழி. அது போதாதென்று லீவு நாளில் ஏரி ஏரியாகச் சுற்றுவாள். பறப்பதைத் தன் கண்ணால் பார்த்த பறவையை மட்டும் நோட்டில் எழுதுவாள். பைத்தியம் என்றார்கள். இருக்கட்டுமே, இப்படிப்பட்ட பைத்தியங்கள் ஊருக்கு நாலு பேராவது வேண்டும்.

பண்ணைக்காரர் பெரியசாமி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: வெளிப் பறவையை எட்ட நின்று பார்க்கலாம், தொட்டால் பத்து நாள் பண்ணைக்குள் கால் வைக்கக் கூடாது. கோழிக்கு நோய் ஒட்டினால் ஷெட்டே காலியாகிவிடும்.

புயல் கரையைக் கடந்த மறுநாள், சேலத்திலிருந்து, அவளைப் போலவே பறவை பார்த்துத் திரியும் சௌமியா டீச்சர் போன் செய்தார். எடப்பாடிப் பக்கம் ஓர் ஏரியில் ஆலா என்னும் கடற்பறவை ஒன்று வந்து இறங்கியிருக்கிறதாம். முதுகு கரி, வயிறு வெள்ளை. நடுக்கடலை விட்டு வராத ஜாதி. அது பறப்பதைப் பார்க்க வேண்டுமென்பது கலைமணியின் பல வருட ஆசை. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள்.

அது பறக்கவில்லை. கரையில் சிறகு தொங்கக் கிடந்தது. பக்கத்துக் காட்டு விவசாயி தங்கமுத்து, பாவப்பட்டு அதைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தார்.

"கடல் பறவைங்க. தண்ணியில உட்டா நீந்திப் பொழச்சுக்கும்."

"வேண்டாமுங்க! இது நீந்தாதுங்க. றெக்கை நனைஞ்சா முழுகிருமுங்க!"

அவர் நம்பவில்லை. கடல் பறவை தண்ணீரில் முழுகும் என்றால் யார்தான் நம்புவார்கள்? பெரியசாமி சொன்னது கலைமணிக்கு நினைவிருந்தது. இருந்தும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கோழி பிடித்துப் பழகிய கை; இரண்டு சிறகையும் சேர்த்து அணைத்ததும் பறவை திமிறாமல் அடங்கியது. அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து அதை வைத்து, வனத்துறைக்குச் சொல்லி, ஆள் வரும்வரை காத்திருந்து ஒப்படைத்தாள். பிறகு பெரியசாமிக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, தொட்டுட்டேனுங்க."

"சொல்லாம இருந்தா எனக்கென்ன தெரியப் போவுது?"

"கோழிக்கு ஒண்ணுன்னா நான் தாங்கமாட்டேனுங்க."

"பத்து நாள் கழிச்சு வா சாமி. உன் வேலை எங்கேயும் போவாது."

ஐந்தாம் நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது டீச்சர் கூப்பிட்டார்.

"கடற்கரையில விட்டாங்களாம் கலைமணி. ஒரே எம்பு, பறந்துடுச்சாம்!"

கலைமணி விசும்பி அழுதாள். அப்புறம் நோட்டை எடுத்து, தான் பார்க்காத ஒன்றை முதல்முறையாக எழுதினாள்: ஆலா. பறந்தது.