டிரான்சிஸ்டரின் கறுப்புப் பூச்சு

ஈயம் உருகும்போது எழும் பற்றவைப்புப் பேஸ்டின் வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு என்ன ஆகுமோ தெரியாது, எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்து வீட்டில், பள்ளிக் கண்காட்சிக்காக நானே ஒரு ரேடியோ கட்டினேன். "பொம்பளப் புள்ளைக்கு ஈயம் பத்தவைக்கிற சூட்டுக்கோல் எதுக்கு?" என்று அப்பா கூடத்தில் இடம் தரவில்லை, எனக்குக் கிடைத்தது ஜன்னலில்லாத சாமான் அறை.

பத்திரிகையில் வந்த "சர்க்யூட்" படத்தைப் பார்த்து வரைந்துகொண்டவள் நான். பாகங்கள் வாங்க மின்சார ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனவளும் நான்தான். பட்டாளத்துப் பழைய சாமான்கள் குவிந்துகிடந்த ஒரு கடையில், வேண்டியதை எழுதிய சீட்டை நீட்டினேன். கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. "இன்னாம்மா, இது வளையல் கடையா? வூட்ல அண்ணன் இருந்தா அனுப்பு" என்றார். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள்.

அண்ணன் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தான், ரெசிஸ்டருக்கும் கண்டென்சருக்கும் வித்தியாசம் தெரியாதவன். அவனைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அவனை "சார்" என்று கூப்பிட்டு, என் சீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறார் அதே மனிதர். கூடவே, பெயிண்ட் அடித்த "டூப்ளிகேட்" நிறைய சுற்றுவதாக எச்சரிக்கையும். வீட்டுக்கு வந்ததும் அண்ணன், பெரிய மனுஷன் மாதிரி, அசல்தானா என்று பார்க்க, டிரான்சிஸ்டரின் மேலிருந்த கறுப்புப் பூச்சைச் சவர பிளேடால் சுரண்டினான். உள்ளே கண்ணாடி தெரிந்தது. "அசல்தான்" என்று தீர்ப்பும் சொன்னான்.

சாமான் அறையில் ரேடியோ கணீரென்று பாடியது. நான் குதித்தேன். மறுநாள் பள்ளி வராந்தாவில், நல்ல வெயிலில், உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்று பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தேன். கரகரத்தது, அடங்கிவிட்டது. பரிசு கொடுக்க வந்த பெரியவர், "அடுத்த வருஷம் எம்ப்ராய்டரி பண்ணும்மா" என்று நகர்ந்தார். "பார்ட்ஸ் நான் வாங்குனது, நல்ல பார்ட்ஸ். இவ சால்டரிங்தான் மோசம்" என்றான் அண்ணன், எல்லார் எதிரிலும். எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பித் தொலைத்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் வயிறெரிகிறது. டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார்கள். நானும் போனேன்.

அந்த ரகக் கண்ணாடி டிரான்சிஸ்டருக்குள் வெளிச்சம் புகுந்தால் தாறுமாறாக வேலை செய்யும், அதைத் தடுக்கத்தான் கறுப்புப் பூச்சு என்று ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான்.

இப்போது அந்தக் கடை இல்லை, கண்ணாடி டிரான்சிஸ்டரும் இல்லை. பாகங்கள் வேண்டுமென்றால் போனில் தட்டினால் வாசலுக்கு வருகிறது. வீட்டில் அண்ணன் இருக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை. கண்காட்சிக்குக் கிளம்பிய அன்று காலை நெற்றியில் கறுப்புச் சாந்து வைத்துக்கொண்டேன். அதில் ஒரு சொட்டை அவன் சுரண்டிய இடத்தில் தடவியிருந்தால் என் ரேடியோ பாடியிருக்கும்.