டூட்டி முடியற வரைக்கும் எங்க பிள்ளைங்கள வச்சிருந்த சரசக்கா

சரசக்கா போயிட்டாங்க...

இன்னைக்கு மத்தியானம். நெஞ்சு வலி. வலி வந்ததும் பிள்ளைங்கள பக்கத்து வூட்ல விட்டுட்டு, அவங்களே ஆட்டோ புடிச்சு எங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க.

கீழ கேஷுவால்டில அவங்க. மேல லேபர் வார்டுல நான்.

சேதி வந்தப்ப ரெண்டு பேருக்குப் பிரசவ வலி. வார்டுல நர்ஸ் நான் ஒருத்திதான். பொறந்த கொழந்தைய தொடச்சு அம்மா பக்கத்துல வச்சிட்டு ஓடினேன்... முகத்த மூடியிருந்தாங்க.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தருமபுரில எங்க ஆஸ்பத்திரிக்குப் பின் தெருதான் அக்கா வூடு. நர்ஸுங்க நாலு பேரோட பிள்ளைங்க அங்கதான் வளருது. பிள்ளைங்க காப்பகம்னு போர்டெல்லாம் கிடையாது. மார்னிங் டூட்டின்னா விடியறதுக்கு முன்னாடியே கதவத் தட்டி பிள்ளைய விட்டுட்டுப் போவோம்.

என் மகள மூணு மாசக் கொழந்தையா அவங்க கைல குடுத்தேன். லீவு அவ்வளவுதான் கெடச்சுது. இப்ப யூகேஜி.

டூட்டி முடிஞ்சு போனா ஒடனே பிள்ளைய தர மாட்டாங்க. "மொதல்ல உக்காரு கண்ணு. தண்ணி குடி. அப்புறம் தூக்கலாம்."

ஆரம்பத்துல எரிச்சலா இருக்கும். அப்புறம் அந்தச் சேர்லயே தூங்கிப் போயிருக்கேன், எத்தனையோ நாள்...

பாப்பாவுக்கு ஒரு வயசு இருக்கும். ஒருநாள் சாயங்காலம், வூட்டுக்குப் போயி நிக்க வச்சுப் பாரு, நடந்தாலும் நடப்பான்னு சொல்லி அனுப்பினாங்க.

நடந்தா. அழுதுக்கிட்டே அவங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணேன். அப்படியான்னு கேட்டுக்கிட்டாங்க.

ரொம்ப நாள் கழிச்சு, கூட வேலை செய்யற கீதா சொன்னா, அவ பிள்ளையும் அங்கதான். அந்த வாரம் பூரா பாப்பா அங்க நடந்துக்கிட்டுதான் இருந்திருக்கா.

"பெத்தவ மொதல்ல பாக்கட்டும். நீ வாயத் தொறக்காத"ன்னு கீதாகிட்ட சொல்லியிருக்காங்க.

நான் அவங்ககிட்ட அதப் பத்திக் கேக்கவே இல்ல.

அவங்க வூட்டுக்காரர் லாரி ஓட்டறவர். ஆந்திராவுலேந்து வந்துட்டு இருக்காரு. நாளைக்குக் காலைல சொந்த ஊர் கம்பைநல்லூர்ல எடுக்கறாங்க.

நாலு பேரும் லீவு கேட்டோம். ஆளில்ல, யாராவது ஒருத்தர் போங்கன்னுட்டாங்க இன்சார்ஜ் சிஸ்டர். அவங்களையும் என்ன சொல்றது... அவங்களே ரெண்டாவது ஷிஃப்ட் பாத்துட்டு இருந்தாங்க.

கீதா போறா. எனக்கு மார்னிங் டூட்டி.

பக்கத்து வூட்லேந்து பாப்பாவ கூட்டிட்டு வந்துட்டேன். அக்கா எங்கன்னு வழியெல்லாம் கேட்டா. இன்னும் சொல்லல.

நாளைக்கு விடியறதுக்குள்ள நாங்க யாரும் வந்து கதவத் தட்ட மாட்டோம்...

நல்லாத் தூங்குங்கக்கா.