தினமும் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காசு இரண்டு வகை. ஒன்று மாதச் சம்பளம். செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்து, அட்வான்ஸ் கழிந்து, சங்கச் சந்தா கழிந்து, வீட்டு வாசலுக்கு வரும்போது அது நோயாளி மாதிரி இளைத்திருக்கும். இன்னொன்று கைக்காசு. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் விருப்பப்பட்ட பெண்கள் மலைக்குப் போய்க் கொழுந்து பறிப்பார்கள். பறித்த கிலோவுக்கு அன்று பின்னேரமே கொழுந்து நிறுக்கும் தராசடியில் காசு கையில் விழும்.

சம்பளம் வீட்டுக்கு, கைக்காசு பறித்தவளுக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மாமியார்கூட அந்தக் காசைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் குடியிருப்பது தோட்டத்து லய வீட்டில், வேலை வெளியில். பல்லேபொல பக்கம் வீட்டுத் தோட்டங்களில் மிளகு பறிக்க மரம் ஏறுகிறேன். மிளகு இல்லாத மாதங்களில் வாய்ப்பேச்சு மட்டும்தான் ஏறும். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு நான் விட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் அதுதான் என்னை விட்டது. கூலி கிடைத்ததும் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். உத்தமன் என்பதால் இல்லை. என் கையில் காசு தங்காது என்பது ஊருக்கே தெரியும்.

ஆகவே ஞாயிறு பின்னேரம் அவள் தன் கைக்காசிலிருந்து எனக்குக் கைச்செலவு தருவாள். நரைத்த மீசையோடு கையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

"தொரைக்கு இந்த வாரம் எவ்வளவு?"

"எறநூறு."

"வெத்தலைக்கு நூறு. மத்த நூறு எதுக்கு?"

"அது செலவழிக்கிறதுக்கு இல்ல. பையில காசு கெடக்குன்னு நெனைக்கிறதுக்கு."

"நெனைக்கிறதுக்கெல்லாம் கூலி குடுக்கிற ஒரே பொம்பளை நான்தான்" என்பாள். ஆனாலும் தருவாள்.

மீதியை அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை. ஒரு ஞாயிறு வெற்றிலை வாங்கச் சந்திக் கடைக்குப் போனபோது தெரிந்தது. கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்து மேசையில் அவளும் அவளோடு பறிக்கிற இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு முட்டை ரோல்ஸ், ஆளுக்கொரு பிளேன்டீ. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவள் காலாட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு ஒரு ரோல்ஸ் கெடைக்குமா?" என்றேன்.

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "யாருடி இந்த ஆளு? ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதேக்கா. மொகத்தப் பாத்தா மெளகுக் கள்ளன் மாதிரி இருக்கு."

கடையே சிரித்தது. "மன்னிச்சுக்குங்க தாயி, ஆள் மாறிப்போச்சு" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வெற்றிலை வாங்க மறந்துவிட்டேன்.

போன வருடம் ஒரு காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணக்குப்பிள்ளை ஒரு விசயம் சொன்னார். விருப்பமானவர்கள் செக்ரோலை விட்டு விலகி எல்லா நாளும் கைக்காசுக்குப் பறிக்கலாம். கிலோவுக்குக் காசு, தினமும் பின்னேரம். ஈ.பி.எப். கிடையாது. செக்ரோலில் இருப்பவர்கள் சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்.

நான் அங்கே இருந்திருக்கவே கூடாது. மிளகு இல்லாத மாதம், வேடிக்கை பார்க்க வந்தவன். "அப்ப தெனமும் ஞாயித்துக்கெழமையா!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளையும் சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. தோள் வலியால் அந்த மாதம் அவளுக்கு நிறைய அரைப்பேர். வரும் வழியில் கேட்டாள்: "என்னா சொல்றீங்க?"

"தெனம் கையில காசு. வேற என்னா வேணும் ஒனக்கு?"

"என்னமோ மனசுக்குச் சரியாப் படல."

"நல்லது நடந்தா நம்ம மனசுக்கு அப்பிடித்தான் இருக்கும். பழக்கம் இல்லையே."

அவளுக்கு அரைப்பேர் அலுத்திருந்தது. மறுநாள் போய்ப் பேரை வெட்டச் சொன்னாள்.

முதல் வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. மகளுக்கு டியூசன் காசு, எனக்குக் கேட்காமலே முந்நூறு. அதற்குப் பிறகு அந்தக் காசுக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாதக் கடனுக்குச் சாமான் தந்த சந்திக் கடை முதலாளி கொப்பியை மூடிவிட்டார். "தெனம் காசு வருதுதானே தங்கச்சி, இனி எதுக்கு எழுதணும்?" மகளும் அதையே சொன்னாள், "தெனம் வருதுதானேம்மா." நானும் தினமும் கையை நீட்டினேன். தராசடியிலிருந்து லயத்துக்கு ஏறுவதற்குள் அந்தக் காசு அரிசியாகவும் மண்ணெண்ணெயாகவும் ஆகிவிடும். பிறகு வெயில் பிடித்தது. கொழுந்து இல்லை, காசும் இல்லை. மாதக் கடைசியில் வந்து தாங்க, இளைத்துப்போன அந்தச் சம்பளமும் இப்போது இல்லை.

ஞாயிறும் மற்ற நாள் மாதிரி ஒரு நாள் ஆனது. அவள் சந்திக் கடைப் பக்கம் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தாள். ஒரு ஞாயிறு வழக்கம்போலப் போய் நின்று, "தொரைக்கு?" என்றேன். அவள் மடியை அவிழ்த்துக் காசைப் பாயில் போட்டாள்.

"எடுத்துக்குங்க."

எவ்வளவு என்று கேட்கவில்லை. எதற்கு என்று நக்கல் செய்யவில்லை. எடுக்காமல் விட்டேன் என்றால் நம்ப மாட்டீர்கள். நூறு எடுத்தேன்.

"ஏன் புள்ள ஒரு மாதிரி இருக்க?"

"முந்தி ஞாயித்துக்கெழமை காசு என் காசு. இப்ப எல்லாமே கைக்காசு. இதுல எது என்னோடதுன்னு எனக்கே தெரியல."

செக்ரோலில் திரும்பப் பேர் போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். "வெட்டின பேர் வெட்டினதுதாம்மா. இனிப் புதுசா சேக்கிறதில்ல" என்றார் கணக்குப்பிள்ளை. நானும் போனேன். "ஐயா, நான் வாயத் தொறந்ததால வந்த வென. என் வாய வெட்டிட்டு அவ பேர ஒட்டிருங்க" என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே முடியாது என்றார். அந்த மாதிரி ஆளிடம் சிரிக்க வைக்கிற என் தொழில் செல்லாது.

மிளகுக் காலம் வந்தது. முதல் தடவையாகக் கூலியில் கொஞ்சம் ஒளித்தேன். ஞாயிறு பின்னேரம் சந்திக் கடையில் அதே மேசையில் உட்கார்ந்து, ரோல்ஸும் பிளேன்டீயும் சொல்லிவிட்டு, தராசடியிலிருந்து வந்தவளைக் கூப்பிட்டேன். உள்ளே வந்ததும் கடை முதலாளியைப் பார்த்து, "யாரு இந்தம்மா? எனக்குத் தெரியாதே" என்றேன்.

ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"இது எந்தக் காசு?"

"கைக்காசு. மரம் ஏறின காசு." ஐந்நூறு ரூபாய்த் தாளை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது வீட்டுக்கு இல்ல. ஒனக்கு."

அவள் அதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள். பிறகு திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "மொதலாளி, இந்த ரோல்ஸ சொப்பிங் பேக்குல போட்டுத் தாங்க, மகளுக்கு. அப்பிடியே அரைக் கிலோ பருப்பும்."

அந்தத் தாளைத்தான் நீட்டினாள். மீதி வந்ததும் இரண்டு நூறு ரூபாய்த் தாள்களைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க, தொரைக்கு இந்த வாரத்துக்கு."

ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அவள் பக்கம் தள்ளினேன். "இத நீ வச்சுக்க புள்ள. பையில கெடக்குன்னு நெனைக்கிறதுக்கு."

"நெனைக்கிறதுக்கு நேரம் ஏது? எந்திரிங்க, மழ வருது."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அந்த நூறு மேசையிலேயே கிடந்தது. திரும்பிப் பார்க்கிறாளா என்று கொஞ்சம் நின்றேன். பார்க்கவில்லை. நான்தான் எடுத்தேன்.