பெயர் சொல்லக் கூடாத மேஜரின் ராக்கெட்

மேஜர் எவரிஸ்தோ பஸானின் பெயரை எங்கள் ராக்கெட் ஆராய்ச்சிக் கூடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தப்பித்தவறி ஒருவன் சொல்லிவிட்டால் போச்சு! அறையில் இருக்கும் அத்தனை ஆண்களின் இடது கையும் கால்சட்டைப் பைக்குள் ஓடி, சபையில் தொடக் கூடாத இடத்தைத் தொட்டுக்கொள்ளும். துரதிர்ஷ்டம் ஒட்டாமலிருக்க அர்ஜென்டினாவில் அதுதான் கைகண்ட வைத்தியம். தொலைபேசிப் பட்டியலில் அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.

எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் ஆரம்பித்தது. பஸான் அப்போது லெப்டினன்ட், மீசை கூடச் சரியாக முளைக்காத பொறியாளர். முதல் எஞ்சின் சோதனையன்று கையைத் தேய்த்துக்கொண்டு, "கவலையே படாதீங்க, அசையாம நின்னு எரியும் பாருங்க" என்றார். எஞ்சின் தன் கட்டுகளை அறுத்துக்கொண்டு, சுவரைத் துளைத்து, உணவுக்கூடத்துக்குள் புகுந்து சூப் அண்டாவில் போய் உட்கார்ந்தது. அடுத்த மாதம் பாராசூட் சோதனையை வேடிக்கை பார்க்கப் போனார். பொட்டு மேகம் இல்லாத வானத்திலிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆலங்கட்டி விழுந்தது. அப்புறம் ஒரு ஜெனரலுக்குக் கை கொடுத்தார். அன்று மாலையே ஜெனரலின் பல்செட்டு ஆற்றோடு போயிற்று. தீர்ந்தது கதை. ராசி கெட்டவன் என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

ஆனால் வேலையை விட்டு அனுப்பவும் மனசு வரவில்லை. அந்த மண்டைக்குள் இருந்த மூளை அப்படி! அவர் வரைந்தால் அது பறந்தது. ஆகவே ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் அவரைப் பக்கத்துப் பிரிவுக்குத் தள்ளிவிட ஒரே வழியைக் கண்டுபிடித்தார்: பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்வது. மடமடவென்று கேப்டனானார், மேஜரானார்.

"இதே வேகத்துல போனா நாட்டையே உன் கையில குடுத்துட்டு எல்லாரும் ஓடிடுவாங்க" என்று மனைவி நெலிதா சிரிப்பாள்.

அவருக்கும் சிரிப்பு வரும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வராது. பத்தொன்பது வருடத்தில் அவர் கைபட்ட ராக்கெட்டுகள் பதினொன்று மேலே போயிருந்தன. ஒன்றைக் கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஏவும் நாள் நெருங்கினால் போதும், எங்காவது தூர தேசத்தில் அவருக்கு ஓர் அவசர வேலை முளைத்துவிடும். பிறகு ஒரு தந்தி வரும்: "நன்றாகப் போயிற்று." அவ்வளவுதான்.

அறுபத்தெட்டில் பன்னிரண்டாவது வந்தது. இரண்டு அடுக்கு ராக்கெட். மேலடுக்கைக் கீழடுக்கிலிருந்து கழற்றிவிடும் வளையம் முழுக்க முழுக்க பஸானின் வேலை. டிசம்பரில் அவருக்கு ஓய்வு. இதைப் பார்க்காவிட்டால் ஜென்மத்துக்கும் கிடையாது. தளபதி ஒல்மெதோவிடம் போய்க் கேட்டேவிட்டார்.

"மேஜர், உம்ம மேல எனக்கு மரியாதை உண்டு" என்ற ஒல்மெதோவின் இடது கை மேஜைக்கு அடியில் இருந்தது. "ஆனா பாரும், அன்னிக்குன்னு பார்த்து வானிலைக் குடிசையில காத்துமானியைச் சரிபார்க்க ஆள் இல்ல. ஏவுதளத்துலேர்ந்து நாப்பது கிலோமீட்டர்தான்."

வீட்டில் நெலிதா குதித்தாள். "நீயெல்லாம் ஒரு மனுஷனா எவரிஸ்தோ? மாட்டேன்னு சொல்ல வாய் வரல? நீ பெத்த பிள்ளை கல்யாணத்துக்கு உன்னையே வாசல்ல நிக்க வைக்கிறானுங்க, நீயும் தலையை ஆட்டிட்டு வர்ற!"

"உத்தரவு நெலிதா."

"உத்தரவாம் உத்தரவு! மண்ணாங்கட்டி!"

ஏவும் நாள் காலை, ரியோஹா மாகாணத்துப் பொட்டல் காட்டில், சார்ஜென்ட் தொலோசா ஜீப்பில் அவரைக் கூட்டிப்போனான். நாற்பது கிலோமீட்டரும் ஒற்றைக் கையால் ஓட்டினான். மற்றக் கை எங்கே இருந்தது என்று மேஜர் கேட்கவில்லை. குடிசையில் காற்றுமானி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. மலையிலிருந்து சோண்டா என்ற அனல் காற்று கிளம்பியிருந்தது. நண்பகலுக்குள் ஏவாவிட்டால் ஏவவே முடியாது.

பத்தரை மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது. "ஹலோ... வரைபடத்துல பதினாலாம் பக்கத்தை, அந்த வளையத்தை, வரைஞ்சவர் அங்க இருக்காரா?"

"இருக்கேன்!" என்று பாய்ந்தார் பஸான்.

வளையம் சரியாகப் பூட்டியிருக்கிறது என்று காட்டும் பச்சை விளக்கு, காற்றில் ராக்கெட் லேசாக ஆடியதும் அணைந்துபோயிற்றாம். மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சுருள்வில் தெறிக்காமல் திறக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். வயர்லெஸ்ஸில் ஒல்மெதோவின் குரல் செத்துப்போய்க் கேட்டது: "வாரும்யா. சீக்கிரம் வாரும்."

தொலோசா இந்த முறை இரண்டு கையாலும் ஓட்டினான்.

பதினொன்றரைக்கு பஸான் ஏணியில் ஏறினார். அவருடைய ராக்கெட்டை, நிற்கும் கோலத்தில், அன்றுதான் முதல்முதலாகத் தொட்டார். கீழே பத்துப் பேர் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள். நான்கு திருகு, ஒரு நெம்பு, மூடி கையோடு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார்.

மூன்று சிவப்பு ரிப்பன்கள். ஒரு பூண்டுப்பல். ஒரு லாட ஆணி. மாதா பதக்கங்கள் இரண்டு. அவருடைய ராசி ராக்கெட்டைப் பிடிக்காமலிருக்க ஆளுக்கொன்றாக, ஒருத்தனுக்குத் தெரியாமல் ஒருத்தன், மூடி போடுவதற்கு முன் உள்ளே சொருகியிருக்கிறான்கள்! அதில் ஒரு ரிப்பன் நழுவி, விளக்குக்குப் போகும் இரண்டு தகடுகளுக்கு நடுவே சிக்கியிருந்தது.

எல்லாவற்றையும் தொப்பியில் அள்ளிக்கொண்டு, மூடியை முடுக்கிவிட்டு இறங்கினார்.

"இந்தப் பூண்டு யாரோடது?"

தொலோசா தன் பூட்ஸைப் பார்த்தான்.

"இந்தப் பதக்கத்துல உங்க சம்சாரம் பேரு போட்டிருக்கே, தளபதி?"

ஒல்மெதோ செக்கச்செவேலென்று ஆனார். "என் மனைவிதான்... சும்மா ஒரு நம்பிக்கைக்கு..."

பத்தொன்பது வருடமாகத் தலையாட்டிய மனிதருக்கு அப்போது வந்தது பாருங்கள் கோபம்! "அறிவு இருக்காய்யா உங்களுக்கு? ராக்கெட்டை நிறுத்துனது நானா, உங்க பூண்டும் ரிப்பனுமா? நான் எவரிஸ்தோ பஸான்! கேட்டுச்சா? பஸான்! இங்கதான் நிப்பேன். துப்பாக்கி வச்சாலும் நகர மாட்டேன்!"

பத்து இடது கைகளும் சட்டென்று கிளம்பின. பாதி வழியில் பாதிக் கைகள் வெட்கப்பட்டு நின்றுவிட்டன. அவரைத் திருப்பி அனுப்ப நேரமும் இல்லை. பச்சை விளக்கு எரிந்தது, காற்று உறுமியது, பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. எல்லோரும் சிமெண்ட் பதுங்கறைக்குள் ஓடினார்கள். பார்வைத் துளையின் முன்னால் பஸான் போய் நின்றுகொண்டார். அவரை இடித்துக்கொண்டு நிற்க யாருக்கும் தைரியம் வரவில்லை, ஆகவே முழுத் துளையும் அவருக்கே கிடைத்தது.

ஐந்து, நான்கு, மூன்று...

அம்மாடி! அவர் காகிதத்தில் போட்டது கோடுகள் மட்டும்தானே. இந்த வெளிச்சத்தை எங்கே வரைந்தார்? இந்த அதிர்வை? தரை நடுங்கியது, பல் நடுங்கியது. ராக்கெட் எழும்பி, ஒரு கணம் தயங்கி, அப்புறம் விறுவிறுவென்று நீலத்தைப் பிளந்துகொண்டு ஏறியது. உச்சியில் இன்னொரு சின்னப் பொறி தெறித்தது. வளையம் கழன்றுவிட்டது! மேலடுக்கு தனியாகப் பாய்ந்தது!

அறையே வெறிபிடித்துக் கத்தியது. தொலோசா யாரென்று பார்க்காமல் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தான். மேஜர் என்று தெரிந்ததும் திகைத்தான், ஆனாலும் விடவில்லை. இன்னும் இறுக்கினான்.

பஸான் கண்ணைத் துடைக்காமலே திரும்பினார்.

"இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். "அந்தப் பதினொண்ணும்? நீங்க எல்லாரும் பார்த்தீங்களே... இப்படித்தான் போச்சா?"

ஒல்மெதோ தரையைப் பார்த்தார். கடைசியில் தொலோசாதான் தொண்டையைச் செருமினான்.

"இல்ல சார். மொதல் ராக்கெட்டு கொஞ்சம் சாய்ஞ்சு போச்சு. இப்படி..." என்று கையை ராக்கெட்டாக நிமிர்த்தி, உதட்டைக் குவித்து, "ஷ்ஷ்ஷூ..." என்று சத்தம் போட்டபடி அறையைச் சுற்றி வந்தான்.

"டேய், அது இடது பக்கம் சாயலடா, வலது பக்கம்!" என்று ஒருவன் குறுக்கே பாய்ந்தான். "மூணாவதுதான் சார் பிரமாதம்! புகை ரோஸ் கலர்ல வந்துச்சு!" "அஞ்சாவதுல ஆட்டு மந்தை மிரண்டு ஓடிச்சே, அதைச் சொல்லுங்கடா!" தளபதி ஒல்மெதோ தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, ஒன்பதாவது ராக்கெட் எப்படி எழும்பியது என்று தன் உடம்பாலேயே செய்து காட்டினார். வெளியே காற்று கதவைப் போட்டு உலுக்கியது, யாரும் கவனிக்கவில்லை. பஸான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்றும் முடிந்ததும், ஏழாவதை மட்டும் இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னார்.