தாய்மாமனின் குயில் எலும்பு

அக்கா மகள் செல்வி இன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு பழைய படம் அனுப்பினாள். எண்பதுகளில், செட்டிகுளம் முருகன் கோயிலில் அவளுக்குக் காது குத்தியபோது எடுத்தது. என் மடியில் அவள் சிரிக்கிறாள். நான் வாய்விட்டு அழுகிறேன்.

"எம்மேல அவ்ளோ பாசமா மாமா?"

ஃபேஸ்புக் உலகமே, உண்மையைக் கேள்.

காதுகுத்துக்கு முதல் நாள் அரியலூரில் ஓடும் பஸ்ஸிலிருந்து சீர்த்தட்டோடு இறங்கினேன். அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளில் பாதி, அன்று நான் விழுந்ததில் உண்டானவை.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். "வாலெலும்புல விரிசல். காக்சிக்ஸ்னு பேரு. கிரேக்கத்துல குயில்னு அர்த்தம். குயில் மூக்கு மாதிரியே வளைஞ்சிருக்கும்."

"உக்காரலாமா சார்?"

"குயில் நசுங்கிடும்."

அக்கா விடவில்லை. "தாய்மாமன் மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்துறதா? குயிலோ மயிலோ, நீ உக்காருடா!"

லாரி ஓட்டும் அக்கா வீட்டுக்காரர், "குயிலுக்குக் கூடு கட்டத் தெரியாதுல்ல மாப்ள, நான் கட்டித் தரேன்" என்று டயர் டியூபில் காற்றடித்துக் கொண்டுவந்தார்.

அதன்மேல் சோழச் சக்கரவர்த்தியாக அமர்ந்தேன். ஆசாரி காது குத்தினார். செல்வி எம்பிக் குதித்தாள். டியூப் வெடித்தது. அந்தச் சத்தத்தில் அவள் சிரித்துவிட்டாள். என் குயில் கருங்கல் தரையில் இறங்கியது. போட்டோக்காரர் அப்போதுதான் படம் எடுத்தார்.

"தாய்மாமன் பாசத்தைப் பாருங்கடி!" என்று பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

செல்விக்கு, "பாசம்தான் கண்ணு" என்று பதில் போட்டுவிட்டேன். படத்தைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாளாம். அவள் ஃபேஸ்புக் பக்கம் வருவதில்லை. இப்போது கிரேக்கக் குயிலைத் தெரிந்துகொண்ட நீங்களெல்லாம் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.