விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு கூடாரம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் கிளிஃபர்ட் மாஸ்டரின் விசிலுக்குத் திடுக்கிடாதவர்கள் குறைவு. சர்ச் நடத்தும் பங்குப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை. பூங்காவில் யாராவது புல்லில் கால் வைத்தால் ஊதிவிடுவார். "யாரு பாக்கப் போறாங்க சார்?" என்று எவனாவது கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. அந்த ஒரு வாக்கியத்தால்தான் இந்த ஊரே குட்டிச்சுவராகப் போனது என்பது அவருடைய தீர்மானம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. எத்தனையோ சாரணப் பிள்ளைகளுக்குக் கூடாரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர், ஒரு ராத்திரிகூடக் கூடாரத்தில் தூங்கியதில்லை. பள்ளி மைதானம் முழுக்க சிமென்ட். முளை இறங்காது என்று கயிற்றைச் செங்கல்லில் கட்டுவார்கள், சாயங்காலம் பிரித்து மூட்டை கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இப்போது இரண்டு மூட்டும் தேய்ந்து, தை மாதம் ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்கப்புறம் தரையில் உட்காருவதையும் படுப்பதையும் மறந்துவிடச் சொன்னார் டாக்டர். ஆக, இந்த வருஷம் விட்டால் கிடையாது.

பெசன்ட் நகர் கடற்கரையில், ஊரூர் ஒல்காட் குப்பத்துப் படகுகளுக்கு அப்பால் ஓர் ஓரமாக அடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ராத்திரி அங்கே யாரும் தங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஊருக்குத் தெற்கே உப்பங்கழியின் நடுவில் ஒரு மணல்திட்டு கிடக்கிறதே, அது? தண்ணீர்தான் எங்களுடையது, மண் அவர்களுடையது என்றது ஓர் ஆபீஸ். அந்த 'அவர்கள்' மறுபடி முதல் ஆபீஸுக்கே அனுப்பினார்கள். இன்னோர் ஆபீஸில் ஒருவர், திட்டு வருஷா வருஷம் நகர்கிறது, நகருகிற இடத்துக்கு எப்படி அனுமதி கொடுப்பது என்று கேட்டார். மாஸ்டருக்கே அது ஒரு நிமிஷம் நியாயமாகப் பட்டது. அதில்தான் அவருக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது.

மாதக்கணக்கில் அலைந்து ஒரே ஒரு ராத்திரிக்கு வாங்கினார். நெருப்பு கூடாது, ஸ்பீக்கர் கூடாது, கழிப்பறைக்குத் தண்ணீரிலிருந்து தள்ளிக் குழி வெட்டி மூட வேண்டும், குப்பை ஒரு துண்டுகூட அங்கே தங்கக்கூடாது. காவலர் ஒருவர் விடியும்வரை கூடவே இருக்க வேண்டும். இதெல்லாம் மாஸ்டருக்குத் தேன் மாதிரி. தேதியை மட்டும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், அங்கேதான் வந்தது வினை. நெருப்பு இல்லாவிட்டால் என்ன, நிலா இருக்கட்டும் என்று பௌர்ணமியாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார். அவர் வீட்டில் தொங்குவது பங்குக் கோயில் காலண்டர். கார்த்திகை மாதத்துப் பௌர்ணமி என்றால் தீபம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கூட வருவதாகச் சொன்ன நண்பர் சங்கரனுக்காவது தோன்றியிருக்க வேண்டும். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்தான், ஆனால் பண்டிகை என்றைக்கு என்று இலையில் பட்சணம் விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

சங்கரனின் மனைவி சூடாமணி குதித்தாள்.

"தீபத்தன்னிக்கு ஆத்துல இல்லாம மணல்ல போய் உக்காரணுமா? தேதியை மாத்தச் சொல்லுங்கோ!"

"மாத்தினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம்."

"சரி, அனன்யா ஏத்துவா. மாட்டுப்பொண்ணுன்னு எதுக்கு இருக்கா? ஆனா இதை நான் மறக்கமாட்டேன்."

அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நால்வரும் நம்பினார்கள். மாஸ்டர், அவர் மனைவி கரோல், சங்கரன், பொரி உருண்டை டப்பாவோடு சூடாமணி. மழை விட்டிருந்தது. காவலர் அசோகன் படகில் கூட்டிக்கொண்டு போய் இறக்கினார். அலை ஒதுக்கிய பாசி காய்ந்து கிடந்த கோட்டுக்கு மேலே இடம் பார்த்து, பைகளில் மணல் நிரப்பிப் புதைத்து, கயிற்றை அதில் கட்டி, மாஸ்டர் கூடாரத்தை நிறுத்தினார். செங்கல் இல்லாமல் நின்ற கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சந்தோஷத்தில் அவருக்கு மூட்டு வலிகூட மறந்துபோயிற்று.

வெயில் சாய்கிற நேரத்தில் அசோகன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"சார், கோச்சுக்காதீங்க. பொண்ணுக்கு இது தலைக் கார்த்திகை. மாப்ள வந்துகினு கீறாரு. ராத்திரிக்கு வேற ஆளு வரேன்னான், இப்ப ஃபோனே எடுக்க மாட்றான்."

"ஏன் எடுக்கலை?"

"அவன் வூட்லயும் தீபம்தானே சார்."

மாஸ்டருக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, சுவர்தான் இல்லை. தங்கள் வீட்டு விளக்கைப் பற்றி எவ்வளவு சண்டை போட்டார்கள்! காவலருக்கும் ஒரு வீடு, ஒரு வாசல், ஒரு விளக்கு இருக்கும் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்றார் சங்கரன். "அசோகன், நீங்க போயிட்டுக் காலம்பற வாங்கோ. யாரு பாக்கப் போறா?"

கரோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க எதாவது ஆச்சுன்னா இவர் வேலைதான் சார் போகும்" என்றார் மாஸ்டர். "இவர் இல்லேன்னா நாமளும் இல்ல. அவ்வளவுதான்."

"பரவால்ல சார், நான் இருந்துடறேன்" என்றார் அசோகன். சொல்லிவிட்டுக் கரையைப் பார்த்தார்.

மாஸ்டருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இருந்து? உன் பொண்ணு வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பா, நான் இங்க காலை நீட்டிப் படுத்துக்கணுமா? பிரிங்க கூடாரத்தை!"

"எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினீங்க" என்றாள் கரோல். "ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரிங்க."

ஒருவரும் கயிற்றில் கை வைக்கவில்லை. சூடாமணிதான் பேசினாள். "மாஸ்டர், முதல்ல உள்ள போய் ஒரு தரம் படுங்கோ. படகு அதுவரைக்கும் நிக்கும். ஏம்ப்பா, நிக்குமோல்லியோ?"

"நிக்கும்மா" என்றார் அசோகன்.

மாஸ்டர் முட்டி போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி உள்ளே படுத்தார். கரோலும் நுழைந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். முதுகுக்குக் கீழே மணல் இன்னும் சூடாக இருந்தது. கடல் பக்கம் நிலா பெரிதாக எழுந்து வந்தது. அவர் மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்.

கரோல் அவர் காதருகே வந்து சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நேரம் இருப்போமே. யாரு பாக்கப் போறாங்க?"

மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கரையில் முதல் விளக்கு தெரிந்தது, பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று.

வெளியே நின்றவர்களுக்குக் கூடாரத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. அசோகன் படகைப் பார்த்து நடந்தார்.